ஏழு கேள்விகளும் ஒரு விகுதியும்

மனப்பான்மைகளை அளக்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் எல்.எல். தர்ஸ்டன் 1928இல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பே அதுதான், கேள்விக்குறி கிடையாது. நான்கு வருஷம் கழித்து ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் காரியத்தை இன்னும் சுலபமாக்கினார். ஒரு வாக்கியத்தைக் கொடு. முழுக்க ஒப்புக்கொள்வதிலிருந்து முழுக்க மறுப்பதுவரை ஐந்து படிகள் வை. ஆள் எந்தப் படியில் நிற்கிறான் என்று குறித்துக்கொள். அன்றிலிருந்து உலகெங்கும் எண்ணற்ற ஆட்கள் இப்படிப் படிகளில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலரை நிறுத்திக் குறித்துக்கொண்டவள் நான்.

இலக்கியப் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது. அதைக் கேட்ட ஒருத்தி ஒரு சொல்லைப் பதிலாகச் சொல்கிறாள். அந்த வாக்கியத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது புள்ளிவிவரக்காரருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. கவிதையை வைத்துக்கொண்டு நாம் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையும் இதைப் பற்றியதுதான்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. கணவன் மனைவியை அடிப்பது, கீழ்க்காணும் சந்தர்ப்பங்களில், உங்கள் அபிப்பிராயத்தில் நியாயமா? சந்தர்ப்பங்கள் ஏழு. அவனிடம் சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ குழந்தைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், சரியாகச் சமைக்காவிட்டால், அவள் நடத்தையில் அவனுக்குச் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். இந்த ஏழில் ஏதாவது ஒன்றுக்காவது ஆம் என்று சொன்ன பெண்கள் 45 சதவிகிதம். ஆண்கள் 44 சதவிகிதம். 2015-16இல் நடந்த முந்தைய ஆய்வில் பெண்கள் 52, ஆண்கள் 42. அதாவது பெண்களிடம் குறைந்திருக்கிறது. ஆண்களிடம் சற்று ஏறியிருக்கிறது. ஏழில் அதிகம் பேர் ஆம் சொன்னது மாமனார் மாமியாரை மதிக்காததற்கு. அதற்கடுத்தது வீட்டையும் குழந்தைகளையும் கவனிக்காதது. மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் பயங்கரமானது. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் ஆம் சொன்ன பெண்கள் 84 சதவிகிதம், கர்நாடகத்தில் 77, இமாசலப் பிரதேசத்தில் 15.

இந்த எண்கள் வெளிவந்தபோது இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டேன். ஒன்று, பார்த்தாயா, பெண்களே இதை விரும்புகிறார்கள் என்பது. மற்றது, பாவம், அறியாமை, படித்தால் சரியாகிவிடும் என்பது. முதலாவதைச் சொன்னவர்கள் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்கள். இரண்டாவதைச் சொன்னவர்கள் வருத்தமாகச் சொன்னார்கள். இரண்டு பேருமே பதிலைத்தான் வாசித்தார்கள். கேள்வியை வாசிக்கவில்லை.

பல வருஷங்களுக்கு முன், இதே ஏழு கேள்விகளைச் சேர்த்துக்கொண்ட ஒரு சிறிய ஆய்வில் வேலை பார்த்தேன். யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றும் கிராமங்கள். கேட்பவள் பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருத்தியைத்தான் கேட்க வேண்டும். தனியாக வைத்துக் கேட்க வேண்டும். நடுவில் யாராவது வந்துவிட்டால் சட்டென்று பேச்சை மாற்றிக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஆரம்பித்துவிட வேண்டும். இவையெல்லாம் நல்ல விதிகள். அவள் பதிலால் அவளுக்கு இன்னொரு அடி விழக்கூடாது என்று யோசித்தவர்கள் போட்டவை. இன்னொரு விதியும் இருந்தது. கேள்வியை எழுதியிருப்பது போலவே வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது, புரியவில்லை என்றால் மறுபடியும் அதையே வாசிக்க வேண்டும். பதில்களுக்கு எண் உண்டு. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, தெரியாது என்றால் 8.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும் நூலும். கை நிற்கவே இல்லை. சொல்லாமல் வெளியே போனால் கணவன் அடிப்பது சரியா என்று வாசித்தேன். "அடிக்கத்தான செய்வாவ" என்றார். இதற்கு எண் கிடையாது. மறுபடி வாசித்தேன். "அதாம் சொல்லுதேனே, அடிப்பாவ." மூன்றாவது முறை வாசித்தேன். கை ஒரு கணம் நின்றது. "சரியா தப்பான்னு எங்கிட்ட யாரும்மா கேட்டா?" என்றவர், நான் பேனாவோடு காத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஆமான்னே போட்டுக்கோ. ஒனக்கும் இன்னும் நாலு வீட்டுக்குப் போணும்லா" என்றார். அவர் வாயிலிருந்து ஆம் என்ற சொல் வந்துவிட்டது. வட்டமிட்டேன்.

அடுத்த தெருவில், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பிளஸ் டூ படித்தவள். ஏழுக்கும் இல்லை, இல்லை என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள். பிறகு வரும் பகுதியில் கணவன் உங்களை எப்போதாவது அறைந்ததுண்டா என்று கேட்டபோது, போன வாரம் என்றாள். அதையும் அதே குரலில்தான் சொன்னாள். இன்னொரு வீட்டில் ஓர் அம்மாள் ஏழுக்கும் ஆம் சொன்னார். அடி வாங்கியதுண்டா என்றதற்கு, "சீ, எங்க வூட்டுல அந்தப் பழக்கமே கெடையாது" என்று கோபித்துக்கொண்டார்.

மூன்று பெண்களை வைத்துக்கொண்டு நான் எதையும் நிரூபிக்க முடியாது, நிரூபிக்க வரவுமில்லை. சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. ரிச்சர்ட் லாபியேர் 1934இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. சீனத் தம்பதி ஒன்றுடன் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். 251 ஓட்டல்களும் விடுதிகளும். ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, மனப்பான்மை அளவீடு வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்கத் தயாரில்லை. என் அக்கறை வேறு இடத்தில்.

பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியின் தமிழைப் பற்றி ஒரு முழு மத்தியானம் விவாதம் நடந்தது. ஆங்கிலத்தில் ஜஸ்டிஃபைடு என்ற சொல். முதலில் 'அடிக்கலாமா?' என்று இருந்தது. பிறகு 'அடிப்பது நியாயமா?' கடைசியில் 'அடிப்பது சரி என்று நினைக்கிறீர்களா?' மூன்றும் ஒன்றுதானே, ஏதாவது ஒன்றை வையுங்கள் என்று சலித்துக்கொண்டார் ஒருவர். மூன்றும் ஒன்று இல்லை.

'நாளை மழை பெய்யலாம்' என்கிறோம். மழைக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. 'நீங்கள் உள்ளே வரலாம்' என்கிறோம். அங்கே அனுமதி. ஒரே விகுதி இரண்டு வேலையும் செய்கிறது. நடக்கக்கூடியது, நடக்க உரிமையுள்ளது என்ற இரண்டையும் தமிழ் இந்த இடத்தில் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. சந்தர்ப்பம்தான் பிரித்துக் காட்ட வேண்டும். தினமும் நடப்பது எதுவோ அது நடக்க உரிமையுள்ளதும்கூட என்று ஆகிவிட்ட வீட்டில் சந்தர்ப்பம் எதைப் பிரித்துக் காட்டும்? 'அடிக்கலாம்' என்பது 'அடிக்கல்' என்ற தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து உண்டான வடிவம். நான் வட்டமிட வேண்டிய பதில் கேள்வியின் வினைச்சொல்லுக்குள்ளேயே ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது.

நியாயம் என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. நீதிக்கும் நியாயம், காரணம் பொருந்தி வருவதற்கும் நியாயம், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கும் நியாயம். 'நீ கேட்பது நியாயம்தான்' என்று ஒருவர் ஆரம்பித்தால், கேட்டது கிடைக்கப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். 'சரி'யோ இன்னும் மோசம். சரி என்பது சம்மதம், சரி என்பது நேர்மை, சரி என்பது பேச்சை முடித்துக்கொள்வது. அந்தப் பீடிக்காரப் பெண் எனக்குத் தந்தது இந்த மூன்றாவது சரி.

இது தமிழின் குறை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சிட்னி ரூத் ஷூலரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் வங்கதேசத்துக் கிராமங்களில், இதே மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெண்களிடம் திரும்பப் போய் விரிவாகப் பேசி, 2008லும் 2011லும் எழுதினார்கள். பல பெண்கள் தங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் என்ன நினைக்கும், கணவன் என்ன நினைப்பான் என்பதைத்தான் பதிலாகச் சொல்லியிருந்தார்கள். கேள்வியின் வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றினால் பதிலும் மாறியது. ஆக, வங்காளியிலும் 'உங்கள் அபிப்பிராயத்தில்' என்ற சொற்றொடர் காற்றில்தான் போயிருக்கிறது. அபிப்பிராயம் என்று ஒன்று தனக்கு இருக்கிறது, அதைத் தேடி ஒருவர் வீட்டுக்கு வருவார் என்பது, சுளகை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த மத்தியானம்தான் முதல் முறையாகத் தெரிய வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த 45 பொய்யா என்று கேட்டால், பொய் இல்லை என்றுதான் சொல்வேன். 84 சொன்ன தெலங்கானாவிலும் 15 சொன்ன இமாசலத்திலும் பெண்கள் ஒரே மாதிரி வாழவில்லை. அடி வாங்கியதாகச் சொல்லும் பெண்கள் கர்நாடகத்தில் 44 சதவிகிதம், நாட்டிலேயே அதிகம். இமாசலத்தில் பத்துக்கும் கீழே. நாடு முழுவதற்கும் 29. எண்கள் ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எதைத் தொடுகின்றன என்பதில்தான் நாம் தப்பாக வாசிக்கிறோம். பெண்ணின் மனசுக்குள் இருக்கும் ஒன்றை இந்த எண் அளக்கிறது என்று நினைக்கிறோம். அது அளப்பது அவளைச் சுற்றி இருப்பதை.

கேள்விகளின் இலக்கணத்தைப் பாருங்கள். போனால், பேசினால், மறுத்தால், மதிக்காவிட்டால். ஏழிலும் எழுவாய் அவள். ஒரு வாக்கியத்திலாவது 'குடித்துவிட்டு வந்தால்' இல்லை. 'வேலை போய்விட்டால்' இல்லை. கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வரும் வீடுகளில் அடி பலமடங்கு அதிகம் என்று அதே ஆய்வின் இன்னொரு அத்தியாயம் சொல்கிறது. ஆனால் நியாயங்களின் பட்டியலில் அது இடம்பெறாது. ஏனென்றால் குடி ஒரு காரணம், நியாயம் இல்லை. நியாயம் எப்போதும் அவள் செய்ததிலிருந்துதான் புறப்பட வேண்டும். பட்டியலைத் தயாரித்தவர்கள் தெரியாமல் இப்படிச் செய்யவில்லை. உலகத்தில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்துத்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் முதலில் சொல்வது என்ன? "என்ன செஞ்சாளோ." அந்த வாக்கியத்தை ஏழாகப் பிரித்து அச்சடித்தால் நம் வினாத்தாள்.

அந்த ஆய்வின் இன்னொரு எண்ணை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் 14 சதவிகிதம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஆன நிலையில் 14. போய் நின்றால் முதலில் கேட்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். நீ என்ன செய்தாய்? அம்மா கேட்பாள், அண்ணன் கேட்பான், ஸ்டேஷனில் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் அந்த 45 சொல்கிறது. ஏழுக்கும் ஆம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று கோபித்துக்கொண்ட அம்மாளை இப்போது எனக்குப் புரிகிறது. அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் தான் என்ன சொல்வேன் என்பதைச் சொன்னார். இல்லை, இல்லை என்று ஒப்பித்த பெண், அப்படிச் சொல்பவர்கள் யாருமில்லாத தெருவில் குடியிருந்தாள்.

அப்படியானால் எண் குறைவது வெறும் பேச்சு மாறுவதுதானா? அமெரிக்காவில் கணவன் மனைவியை அறைவது சில சந்தர்ப்பங்களில் சரி என்றவர்கள் 1968இல் 20 சதவிகிதம். 1994இல் 10. மர்ரே ஸ்ட்ராஸும் அவர் சகாக்களும் இதைத் தொகுத்தார்கள். அதே காலத்தில், மனைவி கணவனை அறைவது சரி என்றவர்கள் 22லேயே நின்றார்கள். மனித சுபாவம் மென்மையாகிவிட்டது என்றால் இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது ஒன்றுதான், எதைப் பற்றிப் போராடினார்களோ, எழுதினார்களோ, புகலிடங்கள் திறந்தார்களோ அது. வாய்விட்டுச் சொல்லக்கூடியது மாறியது. பேச்சுதானே என்று இதை அலட்சியப்படுத்த, பேச்சையே தொழிலாகக் கொண்ட நமக்கு உரிமையில்லை. அடித்த கை தனியாக அடிப்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. அந்த வாக்கியத்தை யாரும் ஏற்றுக்கொள்ளாத இடத்தில் கையைத் தூக்குவது கொஞ்சம் கஷ்டமாகிறது. கொஞ்சம்தான்.

இங்கேதான் நம் விஷயத்துக்கு வருகிறேன். நாம் எழுதும் கதைகளில் கணவன் மனைவியை அடிக்கும் இடங்களை எடுத்துப் பாருங்கள். நல்ல கதைகளையே சொல்கிறேன். சினிமாவில் ஓர் அறையில் திருந்திவிடும் கதாநாயகியை விட்டுவிடுவோம். பெரும்பாலும் வாக்கியம் இப்படி இருக்கும்: அவள் ஏதோ சொன்னாள், அவன் அறைந்தான். அல்லது அவள் பேசப் பேச அவனுக்குள் ஏதோ திரண்டது, அறைந்தான். 'அறைந்தான்' தனிப் பாராவாக நிற்கும். முன்வாக்கியத்தில் அவள் செய்தது, பின்வாக்கியத்தில் அவன் கை. கதாசிரியருக்கு அவள்மேல் அனுதாபம் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் வாக்கியங்களின் வரிசை வினாத்தாளின் வரிசை. போனால், பேசினால், மறுத்தால். காரணகாரியம் கதைக்கு வேண்டியிருக்கிறது; அதைக் கிடைக்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அது கிடைக்கும் இடம் சுவருக்கு இந்தப் பக்கம்.

மொழியும் இதற்குத் தோதாக இருக்கிறது. அடி வாங்கினாள், உதை பட்டாள், அடி தின்றாள் என்கிறோம். வாங்கியது, பட்டது, தின்றது எல்லாம் அவள். கொடுத்தவன் வாக்கியத்திலேயே இல்லை. இந்தக் கட்டுரையிலும் அடி வாங்கிய பெண்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் தமிழ் முறுக்கிக்கொள்கிறது.

இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்: 'அவன் அறைந்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.' ஒரு நண்பரிடம் காட்டினேன். நல்ல வாசகர். ஏன் அறைந்தான் என்பது வரவில்லையே, முன்னால் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றார். விட்டுப்போகவில்லை. அந்த வரியை வாசகர் தானாகவே தேடிப் போகிறார்; அவள் பக்கத்தில்தான் தேடுகிறார். ஏன் அறைந்தான் என்பது அவனைப் பற்றிய கேள்வி என்று அவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனப்பான்மையை நான் அன்று அளந்தேன் என்று சொல்லலாம். படிகளும் எண்களும் இல்லாமல்.

வினாத்தாளைத் திருத்த முடியுமா? சிலர் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஒற்றை வாக்கியத்துக்குப் பதில் சிறு கதையாகச் சொல்லி, அவள் வேண்டுமென்று செய்தாளா, தவிர்க்க முடியாமல் செய்தாளா என்று பிரித்துக் கேட்டுப் பார்க்கிறார்கள். பதில்கள் மாறுகின்றன. ஆனால் அங்கேயும் அவள் செய்ததிலிருந்துதான் கதை தொடங்குகிறது. என்னைக் கேட்டால், ஏழையும் அப்படியே வைத்துவிட்டு எட்டாவதாக ஒன்று சேர்ப்பேன். ராத்திரி பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால், உங்கள் வீட்டில் யார் எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டுவார்கள்? இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.